பகா எண் தேடும் கணினி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஜிம்ப்ஸ், பிரைம்கிரிட் இரண்டும் ஆர்வலர்களின் கணினிகளைச் சேர்த்துப் பெரிய பகா எண்களைத் தேடும் திட்டங்கள்; முதலாவதற்கு பிரைம்95 என்ற நிரலும் இரண்டாவதற்கு போயின்க் என்ற நிரலும் ஓடும். இவற்றுக்குக் கணினியை ஓட விட்டவர்கள் கேட்கும் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால் சுற்றிச் சுற்றி எட்டொன்பது கோளாறுகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் கணினி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைப் பதம் பார்ப்பது கடைசியில்.

ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். இந்த வேலையில் மெதுவாக ஓடும் கணினியால் யாருக்கும் நஷ்டம் இல்லை, தப்பாகக் கணக்குப் போடும் கணினியால் உண்டு. ஒரு எண்ணைப் பல நாள் சோதிக்கும்போது நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டு, அதை யாரும் கவனிக்காமல் போனால் கடைசி விடை குப்பை. அந்த எண் உண்மையிலேயே பகா எண்ணாக இருந்திருந்தால் "இல்லை" என்று பதிவாகி, வேறு யாராவது மறுபடி சோதிக்கும்வரை வருடக்கணக்கில் புதைந்து கிடக்கும். அதனால் வேகக் குறைவும் பிழைச் செய்தியும் சேர்ந்தே இருந்தால் பிழையை முதலில் பாருங்கள்.

## 1. பிரைம்95 திரையில் பிழைச் செய்தி வருகிறது

செய்தியை முழுதாகப் படியுங்கள், அடுத்த வரியோடு சேர்த்து. பாதிப் பேர் முதல் வரியைப் பார்த்ததும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

### ரவுண்டாஃப் 0.40-ஐத் தாண்டியதாக வருகிறது, அடுத்து "டிஸ்ரிகார்ட் லாஸ்ட் எரர்" என்று வருகிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். ரவுண்டாஃப் என்பது விடையை முழு எண்ணாக்கும்போது வரும் விலகல். நிரல் அதே இடத்தை மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, அதே விடைதான் வந்தது என்கிறது. உங்களுக்குக் கிடைத்த எண், பயன்படுத்தும் எஃப்எஃப்டி (பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறை) அளவின் விளிம்பில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சுற்றை மட்டும் மெதுவான, நம்பகமான முறையில் போட்டுவிட்டு அதுவே தொடரும்.

### ரவுண்டாஃப் வருகிறது, ஆனால் அந்த இரண்டாவது வரி இல்லை. அல்லது "ஹார்ட்வேர்" என்ற சொல் வருகிறது

இது நிஜக் கோளாறு. கீழே "எந்த வரிசையில் பார்ப்பது" என்பதற்குப் போங்கள்.

### ஜெர்பிச் சரிபார்ப்பு தோற்றது, முந்தைய சுற்றுக்குத் திரும்புகிறேன் என்கிறது

ராபர்ட் ஜெர்பிச் கண்டுபிடித்த இந்தச் சரிபார்ப்பு பிஆர்பி சோதனைகளுக்குள் (எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்ப்பவை) வந்ததிலிருந்துதான் நம் மாதிரி வீட்டுக் கணினிகளின் விடையை நம்ப முடிகிறது. இந்தச் செய்தி வந்தால் நடுவில் நடந்த தப்பை நிரல் பிடித்துவிட்டது, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உங்கள் விடை கெடவில்லை. ஆனால் கணினிக்கு உடம்பு சரியில்லை. எப்போதோ ஒரு தடவை வந்தால் குறித்து வையுங்கள். ஒரே சோதனையில் திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு வரிசையைத் தொடங்குங்கள்.

பழைய எல்எல் (லூகாஸ்-லேமர்) சோதனை முறையில் ஓடுகிறவர்களுக்கு இவ்வளவு பலமான பாதுகாப்பு இல்லை. கணினி மேல் சந்தேகம் இருந்தால் எல்எல் வேலை வாங்கவே வாங்காதீர்கள், பிஆர்பி மட்டும் போதும்.

### எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் பயாஸ், அதாவது கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை. ஓவர்கிளாக் இருந்தால் எடுங்கள். "நான் ஓவர்கிளாக் பண்ணவே இல்லையே" என்பவர்கள் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் ரேமை ஓவர்கிளாக் செய்வதுதான். கடையில் அசெம்பிள் செய்து வாங்கினால் பெரும்பாலும் போட்டே கொடுப்பார்கள். விளையாட்டுகள் நன்றாக ஓடுகின்றனவே என்பது ஆதாரம் ஆகாது. விளையாட்டில் ஒரு பிக்சல் நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது, இங்கே பல கோடிச் சுற்றில் ஒன்று பிசகினாலும் தெரியும். பயாஸில் "லோடு டிஃபால்ட்" கொடுத்துவிட்டு ஒரு நாள் ஓட விடுங்கள். எனக்குத் தெரிந்து பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

தீரவில்லையா, சூட்டைப் பாருங்கள், அது 2-ஆம் தலைப்பில்.

சூடும் இல்லை என்றால் ரேம். பிரைம்95-இலேயே ஆப்ஷன்ஸ் மெனுவில் டார்ச்சர் டெஸ்ட் இருக்கிறது. ஸ்மால் எஃப்எஃப்டி தேர்ந்தெடுத்தால் சிபியுவை மட்டும் பிழியும், ரேமை அதிகம் தொடாது. லார்ஜ் எஃப்எஃப்டி அல்லது பிளெண்ட் ரேமையும் சேர்த்துப் பிழியும். ஸ்மால் தாங்கி பிளெண்டில் விழுந்தால் ரேம் பக்கம் கோளாறு, ஸ்மாலிலேயே விழுந்தால் சிபியு, வோல்டேஜ் அல்லது சூடு. இரண்டையும் தனித்தனியாகச் சில மணி நேரம் ஓட்டுங்கள், பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "பாஸ்" என்று சொல்லாதீர்கள்.

நண்பர் ஒருவரின் மேசைக் கணினியில் ஸ்மால் எவ்வளவு நேரம் ஓடினாலும் அசையவில்லை. பிளெண்ட் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வொர்க்கர் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு கணக்கு) மட்டும் "ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4" என்று சிவப்பாகி நின்றது, மற்றவை ஓடிக்கொண்டே இருந்தன. கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றினால் இரண்டில் ஒன்றின் தங்க விளிம்பில், ஓரத்து நான்கைந்து பின்கள் மங்கிப் பச்சை பூத்திருந்தன. கடற்கரைக்குப் பக்கத்து வீடு, உப்புக் காற்று. வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று விழும்வரை அழுத்திப் போட்டதும் சரியாகிவிட்டது. ரேமைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

துடைத்தும் வந்தால் ஒரு ரேமை மட்டும் வைத்து ஓட்டுங்கள், அப்புறம் மற்றொன்றை மட்டும். இரவு முழுக்க மெம்டெஸ்ட் போட்டுப் பார்ப்பதும் நல்லது, ஆனால் மெம்டெஸ்ட் பாஸாகி பிளெண்டில் விழும் ரேம்கள் உண்டு. அப்படி வந்தால் பிளெண்ட் சொல்வதையே நம்புங்கள்.

எந்த ரேம், எந்த ஸ்லாட் போட்டாலும் பிழை வந்தால் பயாஸைப் புதுப்பியுங்கள், அதற்கும் காசு இல்லை. இதை லேசாக எண்ண வேண்டாம். 2016 ஜனவரியில் இன்டெலின் ஸ்கைலேக் சிபியுக்கள் பிரைம்95-இன் ஒரு குறிப்பிட்ட கணக்கில், 14942209 என்ற அடுக்கை (2-இன் இந்த அடுக்கிலிருந்து 1 கழித்த எண்ணை) 768கே எஃப்எஃப்டியில் ஓட்டும்போது, உறைந்து நின்றன. பகா எண் தேடும் ஆட்கள்தான் அதைப் பிடித்தார்கள். இன்டெல் ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. ஆகவே ஒரே எண், ஒரே சுற்று, வேறு வேறு கணினிகளில் ஒரே பிழை என்றால் உங்கள் ரேமைக் குறை சொல்லாமல் திட்டத்தை நடத்துபவர்களுக்கு விவரத்தை அனுப்புங்கள். 1994-இல் பென்டியம் வகுத்தலில் தப்புப் போடுவதைத் தாமஸ் நைஸ்லி பிடித்ததும் இரட்டைப் பகா எண்களைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தபோதுதான்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. இதை வீட்டில் சோதிக்க ஒரே வழி, தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

பயாஸ் டிஃபால்ட், சூடு சரி, ரேம் மாற்றியாயிற்று, எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று, இன்னும் பிழை வருகிறது என்றால் மிஞ்சியது சிபியுவும் மதர்போர்டும். இனி நீங்கள் நோண்ட வேண்டாம். வாரண்டி இருந்தால் பில்லோடு போங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்: வோல்டேஜ் கோளாறால் சிலவற்றில் சிபியுவே தேய்ந்துபோவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் திருத்தமும் கொடுத்து, பெட்டியில் வாங்கிய பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் மேலும் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரியாக்காது. கடைக்காரரிடம் "பிரைம்95-இல் பிழை வருகிறது" என்றால் சிலர் "அது ஓட்டினால் அப்படித்தான் சார்" என்பார்கள். விடாதீர்கள். பயாஸ் டிஃபால்ட்டில், சூடு இல்லாமல், டார்ச்சர் டெஸ்டில் பிழை வந்தால் அது ஹார்ட்வேர் பழுதுதான். திரையைப் படம் எடுத்து வைத்துக் கொண்டு போங்கள்.

## 2. சூடு ஏறுகிறது, ஃபேன் கத்துகிறது

முதலில் அளந்து பாருங்கள், கையால் தொட்டுச் சொல்லக் கூடாது. எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஏதாவது ஒரு இலவச நிரல் போதும்.

85 டிகிரிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபேன் கத்துவது அதன் வேலை.

அதற்கு மேல் போனால் கணினி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரிக்குள், சுவரை ஒட்டி, மெத்தை மேல் லேப்டாப் என்றால் இடத்தை மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் மூடிய அறைக்குள்ளேயே 38, 40 டிகிரி இருக்கும்போது சிபியு சூடு அதற்கு மேல்தான் ஆரம்பிக்கும், அதனால் கோடையில் பகலில் நிறுத்திவிட்டு இரவில் மட்டும் ஓட்டுவது நியாயமான முடிவு. பிரைம்95-இல் ஓடக் கூடாத நேரத்தைச் சொல்லி வைக்கலாம், போயின்க்கில் நேர அட்டவணையே இருக்கிறது.

அப்புறம் தூசி. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ பிடித்துக் கொள்ளுங்கள். அடிக்கிற வேகத்தில் அதைச் சுழல விட்டால் பேரிங் போய்விடும்.

தூசியும் இல்லை என்றால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது, லேப்டாப்காரர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் "மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்" என்பதை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். பெரிய எண்களில் வேகம் பெரும்பாலும் ரேமைப் பொறுத்தது என்பதால் நீங்கள் இழப்பது நினைப்பதை விடக் குறைவு. மேசைக் கணினியில் பயாஸில் பவர் லிமிட்டைக் குறைப்பதும் இதே பலனைத் தரும்.

இதற்குப் பிறகும் ஏறினால் தெர்மல் பேஸ்ட். மேசைக் கணினி என்றால் நீங்களே செய்யலாம்: பழையதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள், கூலர் திருகுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். லேப்டாப் என்றால் சர்வீஸ் கடைக்கே கொடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள்கள் ஒரு இழுப்பில் போய்விடும்.

95 டிகிரியைப் பார்த்ததும் பதற வேண்டாத ஒரு கூட்டம் உண்டு: ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை சிபியுக்கள் முழு வேலையில் அந்த அளவு வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. ஆனால் நம் ஊர்க் கோடையில் அதையும் பவர் லிமிட் வைத்து ஓட்டுவதே என் பழக்கம்.

லேப்டாப் அடிப்பக்கம் உப்பி, டச்பேட் மேலே எழும்பினால் அது பேட்டரி. அந்த நொடியே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். நீங்களே கழற்றக் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது.

## 3. திடீரென்று அணைந்து மறுபடி எழுகிறது

### கரண்ட் போகும்போது மட்டும்

யூபிஎஸ் இல்லாமல் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். எக்கோ நிலையில் இருந்தால் மாறுவதற்கு அதிக நேரம் எடுக்கும், கணினி அணைந்து எழும். யூபிஎஸ் நிலைக்குத் தள்ளினால் பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது. 600 விஏ யூபிஎஸ் தோராயமாக 360 வாட் வரைதான் தாங்கும், கணினியோடு மானிட்டரும் மோடமும் சேர்த்து அதில் மாட்டியிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும்.

கணக்கு வீணாகிறதே என்ற கவலைக்கு: பிரைம்95 வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கும், பழைய சேமிப்புகளையும் கூடவே வைத்திருக்கும். ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்ஸஸில் அந்த 30-ஐ 10 ஆக்கிவிட்டால் எத்தனை தடவை கரண்ட் போனாலும் பத்து நிமிடத்துக்கு மேல் நஷ்டம் இல்லை.

### கரண்ட் இருக்கும்போதும்

ஸ்பைக் பஸ்டரில் பிளக் லொடலொட என்று ஆடுகிறதா பாருங்கள், நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அடுத்து சூடு. மூன்றாவது எஸ்எம்பிஎஸ்: கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருப்பதை நம்பாதீர்கள், நாள் முழுக்க முழு வேலை செய்ய அவை பொருந்தா. முழு வேலை கொடுத்த சில நொடிகளில் அணைந்தால் பெரும்பாலும் இதுதான்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? கணினி ஆளைக் கூப்பிடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை ஓட்ட வேண்டாம்.

## 4. ரொம்ப மெதுவாக ஓடுகிறது

மெதுவா இல்லையா என்று ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். இப்போது முதல் முறைச் சோதனைக்கு வரும் எண்களின் அடுக்கு 11 கோடி, 12 கோடி என்ற அளவில் அல்லது அதற்கும் மேல் இருக்கும், அடுக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அத்தனை சுற்று ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிசெகண்ட் என்றால் 11 கோடிச் சுற்றுக்கு 5.5 லட்சம் விநாடி, அதாவது ஆறு நாளுக்குச் சற்று மேல். 10 மில்லிசெகண்ட் என்றால் பதின்மூன்று நாள். திரையில் தெரியும் எண்ணை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள், பல பேருக்குக் கோளாறே இல்லை, வேலை அவ்வளவு பெரியது.

### முடிய வருடக்கணக்கில் ஆகும் என்று காட்டுகிறது

வேலை வகையைப் பாருங்கள். 10 கோடி இலக்கப் பகா எண்ணுக்கு இஎஃப்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு அறிவித்த 1,50,000 டாலர் பரிசைக் கேள்விப்பட்டு நிறையப் பேர் அந்த வகையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதற்கு அடுக்கு 33 கோடியே 21 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், வீட்டுக் கணினிக்கு மாதக்கணக்கு, பழைய லேப்டாப்புக்கு வருடக்கணக்கு. முதல் முறைப் பிஆர்பிக்கு மாறுங்கள். பழைய கணினி என்றால் மறுசரிபார்ப்பு அல்லது பி-1 (சோதனைக்கு முன் காரணி தேடும்) வேலை வாங்குங்கள். அந்த வேலைகளும் அதே அளவு தேவைப்படுபவைதான், யாரும் உங்களை மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

### இதே மாதிரிக் கணினியில் மற்றவருக்கு வேகம், எனக்கு இல்லை

லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கிறதா, பவர் நிலை "பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" தானா என்று பாருங்கள். அடுத்து வொர்க்கர் எண்ணிக்கை. நான்கு கோருக்கு நான்கு வொர்க்கர் என்று வைத்திருந்தால் ஒரே வொர்க்கர், நான்கு கோர் என்று மாற்றிப் பாருங்கள். 6எம் எஃப்எஃப்டிக்கு மட்டும் சுமார் 48 எம்பி தரவு ஓயாமல் உள்ளே வெளியே போய் வருகிறது, நான்கு வொர்க்கர் என்றால் அது நான்கு மடங்கு, சிபியுவின் கேஷ் நினைவகத்தில் எங்கே அடங்கும்? ஹைப்பர்த்ரெடிங்கை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். லாபம் இருந்தால் சொற்பம், சூடு நிச்சயம். சந்தேகமாக இருந்தால் பிரைம்95-இன் பெஞ்ச்மார்க்கை ஓட்டி எது வேகம் என்று அதன் வாயாலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மெதுவாக ஓடினால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 16 ஜிபி ஒரே ரேமாக இருந்தால் கோளாறு அங்கேதான். ஒற்றைச் சேனலில் ரேமின் வேகம் பாதி, இந்த வேலையில் அது அப்படியே தெரியும். இரண்டு 8 ஜிபி, ஒரு 16 ஜிபியை விட இங்கே மேல். இரண்டு இருந்தும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டிருந்தாலும் இதே கதைதான், நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். புது சிபியு வாங்க யோசிப்பவர்கள் அதற்கு முன்னால் இன்னொரு ரேமுக்குச் செலவழியுங்கள், அதுவே பலருக்குப் போதும்.

பி-1 வேலை மட்டும் மந்தம் என்றால் ஆப்ஷன்ஸில் ரிசோர்ஸ் லிமிட்ஸைத் திறந்து ரேம் அளவைக் கூட்டுங்கள். முதலில் அமைந்திருப்பது மிகக் குறைவு. அதே இடத்தில் தற்காலிக வட்டு இடமும் இருக்கும். பிஆர்பி ஆதாரக் கோப்புக்கு 11 கோடி அளவு எண்களுக்கு மூன்றரை ஜிபி போல வேண்டும், அதைச் சுருக்கிவிட்டால் ஆதாரம் பலவீனமாகி உங்கள் விடையைச் சரிபார்ப்பவருக்கு வேலை கூடும்.

## 5. போயின்க் ஓடாமல் நிற்கிறது

டாஸ்க் பக்கத்து வரியைப் படித்தால் காரணத்தை அதுவே சொல்லும். "சிபியு பிஸி" என்றால் வேறு ஏதோ நிரல் சிபியுவைத் தின்கிறது, அல்லது அமைப்பில் அந்த வரம்பு உங்கள் கணினிக்குக் குறைவாக இருக்கிறது. "வெயிட்டிங் ஃபார் மெமரி" என்றால் கணினியைப் பயன்படுத்தும்போது ரேமில் பாதிக்கு மேல் எடுக்காதே என்ற வரம்பு. பேட்டரியில் ஓடினாலும் நிற்கும். நிறுத்தும்போது வேலையை மெமரியிலேயே வைத்திரு என்ற பெட்டியை டிக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கடைசிச் சேமிப்புக்குப் பின்னால் செய்தது போகும்.

வேலையே வருவதில்லை என்றால், "நோ நியூ டாஸ்க்ஸ்" அழுத்தியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிரைம்கிரிட் தளத்தில் உங்கள் அமைப்புகளில் எந்த உட்திட்டம் தேர்வாகியிருக்கிறது, அது சிபியுவுக்கா ஜிபியுவுக்கா என்று பாருங்கள்.

தொடங்கிய நொடியிலேயே "கம்ப்யூட்டேஷன் எரர்" என்றால் டிரைவர் அல்லது ஆன்டிவைரஸ். பல மணி நேரம் ஓடிவிட்டு அதே எரர் என்றால் 1-ஆம் தலைப்புக்குப் போங்கள்.

### போட்டியில் என் புள்ளி கணக்கில் வரவில்லை

பிரைம்கிரிட் போட்டிகளில் தொடங்கிய பிறகு வாங்கி, முடிவதற்குள் திருப்பிக் கொடுத்த வேலைதான் கணக்கு. முதல் நாளே வாங்கிக் குவித்து வைத்தவை சேரா. நேரம் யூடிசி: 18:00 என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 11:30. எத்தனை நாளுக்கான வேலையை முன்கூட்டியே வாங்கி வைப்பது என்ற அளவைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், நீளமான எல்எல்ஆர் (சிபியுவில் ஓடும் பகா எண் சோதனை நிரல்) வேலைகளுக்கு ஒரு வேலைக்கு எத்தனை த்ரெட் என்பதைக் கூட்டுங்கள். எட்டு வேலை பாதிப் பாதியாக நிற்பதை விட இரண்டு முழுதாக முடிவது மேல். நேரம் முடிந்த பின் மிச்சமிருப்பதை முடித்துக் கொடுங்கள், அல்லது அபார்ட் செய்யுங்கள். கெடு தாண்டும்வரை சும்மா வைத்திருந்தால் வேறு யாருக்கும் அது போகாது.

## 6. சர்வரோடு பேச மறுக்கிறது

பிரவுசரில் திட்டத்தின் தளம் திறக்கிறதா பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் காத்திருங்கள், கணக்கு பாட்டுக்கு ஓடட்டும். பிரவுசரில் திறந்து நிரலில் மட்டும் இல்லை என்றால் ஃபயர்வால், அடுத்து ப்ராக்ஸி. கல்லூரி, அலுவலக இணைப்புகளில் பெரும்பாலும் ப்ராக்ஸிதான்.

இணைகிறது, ஆனால் என் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்றால் கெடு முடிந்திருக்கும். மாதக்கணக்கில் கணினி தொடர்பு கொள்ளாவிட்டால் சர்வர் வேறு ஆளுக்குக் கொடுக்கத்தான் செய்யும். சோதனை முடியும் நிலையில் இருந்தால் முடித்து அனுப்புங்கள், முடிவு சும்மா போகாது.

ரிசல்ட்ஸ் கோப்பை அழிக்காதீர்கள். சர்வரில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது: 2016 ஏப்ரலில் செவன்டீன் ஆர் பஸ்ட் என்ற இன்னொரு பகா எண் தேடல் திட்டத்தின் சர்வரே, காப்புப் பிரதியோடு சேர்ந்து, போய்விட்டது. அதன் தேடலைத் தொடர்ந்த பிரைம்கிரிட் அதே ஆண்டு 2-இன் 31172165-ஆம் அடுக்கை 10223-ஆல் பெருக்கி 1 கூட்டிய எண் பகா எண் என்று கண்டது, 93,83,761 இலக்கம்.

## 7. ஜிபியுவில் போட்டால் சிபியுவை விட மெதுவாக இருக்கிறது

பெரும்பாலும் பழுது இல்லை. வீட்டில் விளையாட வாங்கும் ஜிஃபோர்ஸ் அட்டைகள் பலவற்றில் இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் 64-இல் ஒரு பங்குதான், பிஆர்பிக்கு வேண்டியதோ இரட்டை. அந்த அட்டைக்கு எம்ஃபாக்டிசி என்ற நிரலை வைத்துக் காரணி தேடும் வேலை கொடுங்கள், அதில் பறக்கும். அட்டையே தெரியவில்லை என்றால் விண்டோஸ் தானாகப் போட்ட டிரைவரை எடுத்துவிட்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து போடுங்கள்.

## 8. நிரல் காணாமல் போகிறது, அல்லது அலுவலகத்தில் கேள்வி கேட்கிறார்கள்

வீட்டுக் கணினியில் என்றால் ஆன்டிவைரஸ் சிறை வைத்திருக்கும், அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதற்கு மட்டும்தான் இந்த விலக்கு.

அலுவலகக் கணினியில் என்றால் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டு மறுபடி போடுங்கள், வாங்க முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். 1998-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவர் 2,585 கணினிகளில் மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் வகை) தேட விட்டு எஃப்பிஐ விசாரணை வரை போனது. எண்ணம் நல்லதாக இருந்தாலும் இயந்திரம் நம்முடையது அல்ல.

## 9. கரண்ட் பில் எகிறிவிட்டது

கூடுதலாக 120 வாட் இழுக்கும் கணினி, இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் 173 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டுவதற்கும் தாண்டாததற்கும் ஸ்லாப் வேறு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பவர் லிமிட்டைக் குறைத்தோ இரவில் மட்டும் ஓட்டியோ இந்தப் பக்கமே நில்லுங்கள்.

## 10. "பகா எண்ணாக இருக்கலாம்" என்று வருகிறது

எல்லோரும் காத்திருக்கும் செய்தி. முதலில் எதையும் மூடாதீர்கள், அழிக்காதீர்கள். முடிவு சர்வருக்குப் போய்விட்டதா என்று தொடர்புத் திரையில் பாருங்கள். போகவில்லை என்றால் 6-ஆம் தலைப்பு. போய்விட்டால் திட்டத்தை நடத்துபவர்களுக்கு நீங்களே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். இது அதிகப் பிரசங்கித்தனம் இல்லை: 2-இன் 74207281-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்ணை ஒரு கணினி 2015 செப்டம்பர் 17 அன்றே சர்வருக்குச் சொல்லிவிட்டது, ஆனால் அறிவிப்பு மின்னஞ்சல் போகாததால் 2016 ஜனவரி 7 வரை யார் கண்ணிலும் படவில்லை.

வெளியே சொல்லாதீர்கள். வேறு நிரல், வேறு ஹார்ட்வேர் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் அறிவிப்பார்கள். இப்போதைய சாதனையான, 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த, 4,10,24,320 இலக்க எண்ணை லூக் டுரான்ட் இயக்கிய டப்ளின் ஜிபியு ஒன்று 2024 அக்டோபர் 11 அன்று காட்டியது, மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு ஜிபியு எல்எல் சோதனையில் உறுதி செய்தது, பிறகும் பல நிரல்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு அக்டோபர் 21 அன்றுதான் வெளியிட்டார்கள்.

அதுவரை உங்கள் பங்குக்கு: பிரைம்95 கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுங்கள், அவர்கள் சேமிப்புக் கோப்பைக் கேட்டால் உடனே கொடுக்க வேண்டியிருக்கும். கணினியை ஃபார்மேட் செய்யவோ சர்வீஸுக்குக் கொடுக்கவோ நாள் குறித்திருந்தால் தள்ளிப் போடுங்கள்.